குடைக்கு அடியில் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாள் மழை விட்டதும் வாசலோரத்தில், பூந்தொட்டியில், பட்ட மரத்தடியில் காளான் தலைகாட்டும். ஒரே இரவில் முளைத்தது போலத்தான் இருக்கும். ஆனால் நூல்நூலாக ஓடும் பூஞ்சை முன்பிருந்தே மண்ணுக்குள் இருக்கிறது. சிறு மொட்டு தண்ணீரை உறிஞ்சி உப்புவதால்தான் இத்தனை வேகம்.

என்ன காளான் என்று அறிய, மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டுப் பிடுங்கிவிடுகிறோம். கோளாறே அங்கேதான். தண்டை இழுத்தால் அடிப்பகுதி மண்ணிலேயே தங்கிவிடும். அமானிட்டா என்ற கொடிய நச்சுக்காளான் வகைகளைக் காட்டிக்கொடுக்கும் பை போன்ற உறை இருப்பதும் அங்கேதான். கத்தியால் சுற்றிலும் குத்தி, மண்ணோடு நெம்பி எடுங்கள். காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகிவிடும்.

அடுத்து வித்துப் பதிவு, அதாவது குடையிலிருந்து உதிரும் வித்துத் தூளின் நிறத்தைத் தாளில் பிடிப்பது. நன்றாக விரிந்த குடையின் தண்டை நறுக்குங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒட்டிய தாளில் செவுள் (குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள்) கீழே இருக்கும்படி வைத்து, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரால் மூடி இரவு முழுக்க விடுங்கள். வெறும் வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள் தெரியாது. மொட்டிலிருந்து தூள் உதிராது. மழையில் ஊறிய குடை கறையைத்தான் விடும்.

புல்தரையில் வட்டமாக நிற்கும் பெரிய வெண்குடைகளில் குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்று ஒன்று. தின்றால் கடும் வாந்தி, பேதி. இளசில் செவுள் வெள்ளையாக இருந்து ஏமாற்றும். முற்றியதன் பதிவு பச்சையாக விழும்.

மக்கிய குச்சிகளில் குனிந்து தேடினால் பறவைக்கூட்டுப் பூஞ்சை கிடைக்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கிண்ணம். உள்ளே பருப்பு போல் தட்டையான 'முட்டைகள்', அதாவது வித்துப் பொதிகள். மழைத்துளி கிண்ணத்தில் விழும் வேகத்தில் முட்டை ஒரு மீட்டர்கூடத் தெறிக்கும். சில வகைகளில் அதற்குப் பசையுள்ள வால் உண்டு. இலைக்காம்பில் பட்டதும் சுற்றி ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் கூழாகப் பரவி, மெல்ல நகரவும் செய்வது சளிப்பூஞ்சை. பெயர்தான் பூஞ்சை, அது வேறு இனம்.

தொடுவதால் நஞ்சு ஏறாது. கையைக் கழுவினால் போதும். சேர்த்து வேகவைத்த வெள்ளிக்காசு கறுக்கவில்லை, பூச்சி தின்றிருக்கிறது, அதனால் தின்னலாம் என்பதெல்லாம் நம்பக்கூடிய சோதனைகள் அல்ல. அமானிட்டாவின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே வாந்தி தொடங்கும். நடுவில் தேறியது போலிருக்கும்போதே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். குழந்தை தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திராமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.