குடிநீர்த் திட்டமும் மாறிவரும் மழையும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐம்பது, அறுபது ஆண்டு மழைப் பதிவேட்டை முன்னே வைத்துக்கொண்டு, அதில் காணும் மிகக் கொடிய வறட்சியைத் தாங்கும் அளவுக்கு நீர்த்தேக்கத்தின் கொள்ளளவை முடிவுசெய்வதே நகரக் குடிநீர்த் திட்டங்களின் நெடுங்கால வழக்கம். வரும் ஆண்டுகளும் சென்ற ஆண்டுகளைப் போலவே இருக்கும் என்ற அனுமானம் அந்தக் கணக்கின் அடியில் இருக்கிறது. அந்த அனுமானம்தான் இப்போது பொய்த்துவிட்டது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரப் பகுதியில் 1970களின் நடுவிலிருந்து மழை ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் குறைந்தது. அணைகளின் நீர்வரத்தோ பாதிக்கும் கீழே போனது. காய்ந்த மண் மழையின் முதல் பங்கைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது, நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தால் ஓடைகளுக்கு ஊற்று நின்றுபோகிறது, எஞ்சியதிலும் ஒரு பகுதியை மரஞ்செடிகளும் வெயிலும் எடுத்துக்கொள்கின்றன. இவையெல்லாம் போக மிஞ்சுவதே ஆற்றுக்கு வருகிறது. மழையளவை மட்டும் பார்த்துத் திட்டமிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பது இதனால் விளங்கும். அந்நகரம் 2006இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் திறந்தது. பின்னர், நன்கு சுத்திகரித்த கழிவுநீரை நிலத்தடியில் செலுத்திச் சேமிக்கவும் தொடங்கியது.

எனில் எல்லா நகரங்களும் உடனே ஆலை கட்டிவிடலாமே என்று தோன்றலாம். மெல்போர்ன் நகரம் நீண்ட வறட்சியின்போது தீர்மானித்த ஆலை 2012இல் முடிந்தபோது, மழை திரும்பி அணைகளில் போதிய நீர் இருந்தது. 2016 வரை அந்த ஆலையிடம் யாரும் தண்ணீர் கேட்கவில்லை. அதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நிலம், வடிவமைப்பு, அனுமதி ஆகியவற்றை முன்பே ஆயத்தமாக வைத்து, நீர் இருப்பு முன்பே நிர்ணயித்த ஓர் அளவுக்கு இறங்கியதும் கட்டுமானத்தைத் தொடங்குவது இன்னும் சிக்கனமான வழி. கட்டி முடிக்க மூன்றாண்டு ஆகுமெனில், மூன்றாண்டுத் தேவைக்குக் கையிருப்பு உள்ளபோதே அந்த எல்லை வந்துவிட வேண்டும்.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. கேப்டவுன் நகரம் 2018 பிப்ரவரியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்படுத்தி, அடுத்த மழை வரை தாக்குப்பிடித்தது. வீடுகள் ஏற்கெனவே நிரந்தரமாகச் சிக்கனத்துக்குப் பழகிவிட்ட நகரத்தில், அடுத்த வறட்சியின்போது குறைப்பதற்கு மிச்சம் அதிகம் இராது. குழாய்க் கசிவை அடைப்பதில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை.

எந்த அளவில் எந்த நடவடிக்கை என்பதை அணைகள் நிறைந்திருக்கும் ஆண்டிலேயே எண்களாக எழுதி, மக்களுக்கு அறிவித்துவிட வேண்டும். வறட்சி வந்தபின் எழுதப்படும் எண்கள் அன்றைய நெருக்கடிக்கேற்ப வளைந்துவிடுகின்றன.