நனோ துணிக்கையை எப்படி உரிய அளவில் நிறுத்துவது?

வணக்கம் எல்லோருக்கும். வெள்ளவத்தையில் இருந்து பேசுகிறேன், காலி வீதி இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். குறைகடத்தி, அதாவது மின்னை ஓரளவே கடத்தும் பொருள். அதன் நனோ துணிக்கைகளை, அதாவது சில நனோமீற்றர் அளவே உள்ள துணிக்கைகளை (ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு), பெரிய கட்டியை அரைத்தா எடுக்கிறார்கள் என்று உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் கேட்கிறீர்கள்.

அரைத்தும் எடுக்கலாம். ஆனால் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக வரும். இங்கே அளவு பிசகினால் குணமே மாறிவிடும். கட்மியம் செலனைடு என்ற குறைகடத்தி 2 நனோமீற்றர் அளவில் நீலமாக ஒளிரும். 6 நனோமீற்றர் வந்தால் சிவப்பு. பொருள் ஒன்றுதான், நிறம் வேறு.

அதனால் அணுக்களைச் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். 1993இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் மொங்கி பவெண்டியின் குழு செய்த வழி எனக்கு இன்றைக்கும் அழகாகத் தெரிகிறது. கிட்டத்தட்ட 300 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கும் கரைப்பானுக்குள் மூலப்பொருள் கரைசலை ஊசியால் சட்டென்று செலுத்தினார்கள். துணிக்கை வளரத் தொடங்கும் நுண்ணிய கருக்கள் எல்லாம் ஒரே கணத்தில் பிறக்கும். உடனே வெப்பநிலை இறங்குவதால் புதுக் கரு பிறக்காது. பிறந்தவை மட்டும் ஒன்றாக வளரும். 2023 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் அந்த முறைக்குக் காற்றுப் படாமல் காக்க ஆர்கன் வாயு வேண்டும், கட்மியம் நஞ்சு. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தொடவே கூடாது.

சரி, ஆசிரியர் பக்கத்தில் நிற்க, கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யக்கூடியது சிங்க் ஒட்சைட்டு. சிங்க் அசிற்றேற்றைச் சூடான எத்தனோலில் கரைத்து, பனிக்கட்டிக்குள் வைத்துக் குளிரவிடுங்கள். எத்தனோலில் கரைத்த லிதியம் ஐதரொட்சைட்டை நன்றாகக் கலக்கிக்கொண்டே சேருங்கள். பார்த்தால் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் தோன்றும். அறையை இருட்டாக்கி, புறஊதா விளக்கைப் பிடித்தால் போத்தல் முழுக்கப் பச்சையாக ஒளிரும்! அப்படியே வெளியே வைத்தால் துணிக்கைகள் வளர்ந்து ஒளி மஞ்சள் பக்கம் நகரும். தண்ணீர் கலந்தால் இன்னும் வேகமாக வளரும். கொழும்பின் ஈரக்காற்றில் எத்தனோல் போத்தலைத் திறந்து வைக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். துணிக்கைகளைப் பிரித்தெடுக்க, ஹெக்சேன் என்ற கரைப்பானைச் சேர்த்தால் கரைசல் வெள்ளையாகக் கலங்கி, துணிக்கைகள் அடியில் இறங்கும். மேலே நிற்பதை வடித்துவிட்டு எடுத்துக் குளிரில் வையுங்கள்.

ரெஃப்லான் உறை போட்ட உருக்குக் கலனுக்குள் கரைசலை இறுக மூடி, 120 முதல் 200 பாகை வரை சூடாக்கும் நீர்வெப்ப முறையும் உண்டு. தைத்தானியம் ஈரொட்சைட்டுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

தைத்தானியம் என்றதும் எனக்குக் கிழக்குக் கரையில் இருக்கும் புல்மோட்டைதான் ஞாபகம் வரும். அந்தக் கரையின் கறுப்பு மணலில் இல்மனைற்று இருக்கிறது, இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த கனிமம். பெரும்பாலும் அது மணலாகவே கப்பலேறிப் போகிறது. அமிலத்தில் கரைத்து இரும்பைப் பிரித்தால், மிச்சத்தில் இருந்து தைத்தானியம் ஈரொட்சைட்டு நனோ துணிக்கை எடுக்கலாம். அடுத்த வீடியோவில் அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.