வெண்கலத்தில் 5,368 பெயர்கள்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கிளாஸ்டர் என்றொரு துறைமுக நகரம். 1623இல் ஆங்கிலேயர் மீன்பிடிக்கென்றே வந்து இறங்கிய ஊர். முந்நூறாம் ஆண்டு நினைவாக லெனர்டு கிராஸ்க் வடித்த வெண்கலச் சிலையை 1925இல் கடற்கரைச் சாலையில் திறந்தார்கள். மழையுடை அணிந்த மீனவர் ஒருவர் சுக்கான் சக்கரத்தை இரு கையாலும் இறுகப் பிடித்தபடி கடலைப் பார்க்கிறார். படம் எடுக்க வருகிறவர்கள் அவரோடு நின்றுவிடுகிறார்கள். நான் பேச வந்தது, அவர் முன்னே இருக்கும் பெயர்ப் பலகைகளைப் பற்றி.

கடல் கொண்டுபோன 5,368 பேர், ஆண்டுவாரியாக. 1879க்கு வந்தால் பட்டியல் முடியவே முடியாது. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரே புயலில் 13 கப்பல்களும் 143 உயிர்களும் போயின.

எப்படிப் போயின? ஜார்ஜஸ் பேங்க் என்பது நடுக்கடலில் ஆழம் குறைந்த ஒரு திட்டு. குளிர்காலத்தில் காட் மீன் அங்கே திரளும். பாய்மரக் கப்பல்கள் பக்கம் பக்கமாக நங்கூரம் போட்டுக் கிடக்க, தளத்தில் வரிசையாக நின்று தூண்டில் போடுவார்கள். புயல் அடித்தால் ஏதாவது ஒரு கப்பலின் நங்கூரம் பெயரும். அது அலைந்து வந்து இன்னொன்றின்மேல் மோதினால் இரண்டும் முழுகும். அதனால் நங்கூர வடத்தருகே ஒருவர் கோடரியோடு விடிய விடிய நிற்பார். இருட்டிலிருந்து ஒரு கப்பல் முளைத்து வந்தால், அந்தக் கணமே வடத்தை வெட்ட வேண்டும். வெட்டினால் இவர்கள் கப்பலும் கட்டறுந்து, அடுத்தவர்மேல் பாயக்கூடும்! அந்தக் கோடரிக்காரரின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

இவர்களில் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்தும் போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் ஏராளம். உடல் கிடைக்காதவருக்குக் கல்லறை ஏது? நடுகல்லில் பேரும் ஊரும் பொறித்த மரபில் வந்த நமக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் கிளாஸ்டரில் அந்தப் பெயர்கள் பலகை ஏறியது 2000இல்தான். அதுவரை முகம் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. சிலை ஊருக்குப் பெருமை. அந்தப் பெயர்தான் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்க உதவும்.

கரையில் காத்திருந்த பெண்களுக்கு? மீனவர் மனைவியர் சங்கம் ஆண்டுக்கணக்கில் பணம் திரட்டியது. இரண்டு பிள்ளைகளோடு கடலைப் பார்த்து நிற்கும் தாயின் சிலை, அதே சாலையில் 2001இல் எழுந்தது. அவள் வருவதற்கு முன் 76 ஆண்டுகள் அவள் கணவன் மட்டும் நின்றிருக்கிறான். அந்தத் தாமதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.