விலாசம் தெரிந்து நம்புவது

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்தவ விசுவாசம் எதன்மேல் நிற்கிறது என்று பேசச் சொல்லி 12 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். சபைக்குப் போகாதவர்களும் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். அதனால் சபைக்குள் மட்டும் புழங்குகிற பேச்சைக் கூடியவரை குறைத்துக்கொள்கிறேன்.

ஜெபக்கூட்டம் நடக்கிற வீடுகளில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு ஒன்று உண்டு. "அக்கா, உங்களுக்கு விசுவாசம் பத்தலை, அதான் இன்னும் சுகம் கிடைக்கலை." ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவரிடமே இதைச் சொல்லி, கொண்டுபோன ஆப்பிள் பையையும் வைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் சொன்னது தப்பு. விசுவாசம் மனசுக்குள் சுரக்கிற ஒரு சக்தி, கூடுதலாகச் சுரந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்கிற எண்ணம் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. இயேசுவோ கடுகளவு போதும் என்றார். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு புத்தகத்தின் 9-ஆம் அதிகாரத்தில், வலிப்பு வந்து நெருப்பிலும் தண்ணீரிலும் விழுகிற மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு தகப்பன் வருகிறான். "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும்" என்று அழுகிறான். பாதி நம்பிக்கை, பாதி பயம். முழுசாகச் சேர்த்துக்கொண்டு வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் சுகமாகிறான். எவ்வளவு நம்பினான் என்பதைவிட யாரிடம் வந்தான் என்பதுதான் அங்கே காரியம்.

செட்டிநாட்டில் இருந்து கேட்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று வட்டிக்கடைகள் நடந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே வீட்டோடு இருந்த ஆச்சி தன் சீதனப் பணத்தை ஒரு கடையில் போட்டுவைப்பார். அவர் கப்பலேறியதில்லை. ஐராவதிப் பக்கம் எந்த விவசாயிக்கு அந்தப் பணம் போகிறது, எந்த வயல் ஈடு, ஒன்றும் தெரியாது. பேரேட்டைப் புரட்டிப் பார்க்கப் போவதுமில்லை. அவருக்குத் தெரிந்தது விலாசம். பாட்டன் பெயர், அப்பன் பெயர் என்று முதலெழுத்துகளாக அடுக்கிய அந்தக் கடை விலாசம். தவணைக்குத் தவணை வட்டி வந்ததா? கஷ்டமான வருஷத்தில் அந்த வீட்டார் கையை விரித்தார்களா, நின்று கொடுத்தார்களா? மூன்று வருஷச் சம்பளச்சீட்டில் கடலுக்கு அப்பால் போன ஆள் திரும்பிவந்து கணக்கு ஒப்படைத்தபோது அவரை எப்படி நடத்தினார்கள்? இதெல்லாம் ஊர் அறிந்தது. ஆச்சியின் மனத்திடம் எத்தனை படி என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. கடை நாணயமான கடை என்றால், அவர் ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் கவலைப்பட்டுப் போட்டிருந்தாலும் பணம் பத்திரம். நாணயமில்லாத கடை என்றால், எவ்வளவு உறுதியாக நம்பிப் போட்டாலும் போனது போனதுதான்.

இயேசுவின் அப்போஸ்தலரான பவுல், தன் இளம் ஊழியத் தோழன் தீமோத்தேயுவுக்கு இரண்டாம் கடிதத்தைச் சிறையிலிருந்து எழுதுகிறார். விடுதலை கிடைக்கும் என்று அதில் எழுதவில்லை. "நான் விசுவாசித்திருக்கிறவர் இன்னார் என்று அறிவேன்" என்று எழுதுகிறார். தான் ஒப்புக்கொடுத்ததைக் காத்துக்கொள்ள அவர் வல்லவர் என்கிறார். பணம் போட்டவர் பேசுகிற பேச்சு மாதிரியே இருக்கிறது இல்லையா? வேதத்தில் உள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் ஒன்பதாவதும் இதையே சொல்கிறது: "உமது நாமத்தை அறிந்தவர்கள் உம்மை நம்பியிருப்பார்கள்." அறிந்தவர்கள் நம்புவார்கள். அறிவது முதலில் வருகிறது, நம்புவது அதன் பின்னால்.

இந்த ஒப்பு ஓர் இடத்தில் நின்றுபோகும், அதையும் சொல்லிவிட வேண்டும். 1930-களில் நெல் விலை சரிந்தது. 1942-இல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்தான். நாணயத்தில் ஒரு குறையும் இல்லாத கடைகளும் அதில் போயின. நல்ல மனசு இருந்தது, தாங்குகிற வலிமை இல்லை. பவுல் 'இன்னார்' என்பதோடு 'வல்லவர்' என்பதையும் சேர்த்து எழுதியது அதனால்தான். குணம் மட்டும் இருந்தால் போதாது. வலிமை மட்டும் இருந்தால் பயம்தான் வரும்.

சரி, கடவுளின் குணம் என்ன என்று எங்கே எழுதியிருக்கிறது? யாத்திராகமம் 34-ஆம் அதிகாரம், 6, 7 வசனங்கள். குறித்துக்கொள்ளுங்கள். "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." கடவுள் தம்மைப் பற்றித் தாமே சொன்னது இது. எப்போது சொன்னார் என்பது முக்கியம். இஸ்ரவேல் ஜனங்கள் பொன் கன்றுக்குட்டி செய்து வணங்கி, அவர்கள் தலைவன் மோசே கடவுளின் கட்டளைகள் எழுதிய கற்பலகைகளைப் போட்டு உடைத்து, எல்லாம் நாசமான பிறகு. இரண்டாவது தடவை பலகை வெட்டிக்கொண்டு மோசே மலையேறிய அன்றைக்கு. கூடவே, குற்றவாளியைச் சும்மா விடாதவர் என்றும் சேர்த்தே சொல்கிறார். அதை மறைத்துவிட்டு முதல் பாதியை மட்டும் படிப்பது நியாயமில்லை. பழைய ஏற்பாடு முழுக்க இந்த வரி திரும்பத் திரும்ப வரும்: எண்ணாகமம் 14, நெகேமியா 9, சங்கீதம் 86, 103, 145, யோவேல் 2. நினிவே நகரத்தை எச்சரிக்க அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி யோனா, போகாமல் வேறு திசையில் ஓடினவன், இதை வைத்துக் கடவுளோடு சண்டையே போடுகிறான். நீர் இரக்கமுள்ளவர் என்று தெரியும், நினிவேயை மன்னித்துவிடுவீர் என்று தெரியும், அதனால்தான் தர்ஷீசுக்குக் கப்பலேறினேன் என்கிறான். குணத்தைச் சரியாகத் தெரிந்துவைத்திருந்தான், அது அவனுக்குப் பிடிக்கவில்லை!

அடுத்தது இஸ்ரவேலரின் முற்பிதா ஆபிரகாம். உனக்குச் சந்ததியையும் தேசத்தையும் தருவேன் என்று கடவுள் அவனுக்கு வாக்குக் கொடுத்தார். ஆரானை விட்டுப் புறப்படும்போது வயது 75, மகன் ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் 25 வருஷம். ஆதியாகமம் 15-ஆம் அதிகாரம் 6-ஆம் வசனத்தில் அவன் கர்த்தரை விசுவாசித்தான் என்று வருகிறது. இரண்டே வசனம் தள்ளி, தேசம் எனக்குக் கிடைக்கும் என்று "எதினால் அறிவேன்" என்று கேட்கிறான். நம்பினவன்தான் கேட்கிறான். கேட்டதற்காக அவனை யாரும் கடிந்துகொள்ளவில்லை. மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு கொண்டுவரக் கடவுள் சொல்கிறார். மிருகங்களை நடுவே பிளந்து எதிரெதிராக வைக்கிறான். பறவைகளைப் பிளக்கவில்லை. அந்தக் காலத்து உடன்படிக்கை முறை அது: வாக்குக் கொடுக்கிறவர் அந்தத் துண்டுகளின் நடுவே நடந்து போக வேண்டும். வாக்குத் தப்பினால் எனக்கும் இந்தக் கதி என்று அர்த்தம். எரேமியா 34-இல் இதற்கு விளக்கமே இருக்கிறது. ஆபிரகாம் நடந்தானா? இல்லை, அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறான். புகைகிற சூளையும் எரிகிற ஜுவாலையும் மட்டும் நடுவே கடந்து போகின்றன. கடவுள் தம்மையே பிணை வைத்தார். தேசம் முழுவதும் உன் சந்ததிக்கு என்று வாக்குப் பெற்ற அந்த மனிதன் சாகும்போது தன் பேரில் வைத்திருந்தது, 400 சேக்கல் (அந்தக் காலத்து எடை அளவு) வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கிய ஒரு கல்லறை நிலம். கையில் வந்ததைப் பார்த்து நம்பியிருந்தால் அவன் ஊர் என்றோ திரும்பியிருப்பான்.

இப்போது எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிற விஷயம். வாக்குத்தத்த அட்டை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டில் அட்டைகளைக் கவிழ்த்துவைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுப்போம். எடுத்தது அந்த வருஷத்துக்கான வசனம். பீரோக் கண்ணாடியில் ஒட்டுவோம், செல்போன் உறைக்குள் வைப்போம். வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒரு வசனமாவது மனப்பாடமாகிறது. சிக்கல், அதைப் படிக்கிற விதத்தில்.

எரேமியா 29:11 எல்லோருக்கும் பிரியமான அட்டை. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷம் வேலை கிடைக்கும், வீடு முடியும், பெண்ணுக்கு வரன் அமையும் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. ஐந்தாம் வசனம், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. ஆறாவது, அங்கேயே பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள் என்கிறது. பத்தாவது வசனம், 70 வருஷம் கழித்துத் திரும்பக் கொண்டுவருவேன் என்கிறது. எழுபது! கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் அநேகம் பேர் ஊர் திரும்பாமலே அங்கே மண்ணாகியிருப்பார்கள். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொல்லி, எரேமியா கழுத்தில் இருந்த நுகத்தையும் உடைத்துப் போட்டான். கேட்க நன்றாக இருந்தது, பொய். இன்றைக்கு நாம் அட்டையை எரேமியா கையிலிருந்து வாங்கி, அனனியா மாதிரி படிக்கிறோம்.

இன்னொரு அட்டை, "வாலாக்காமல் தலையாக்குவார்". உபாகமம் 28. மொத்தம் 68 வசனம். ஆசீர்வாதம் 14-உடன் முடிகிறது, மீதி 54-உம் சாபம். அட்டை அச்சடிக்கிறவர்கள் 15-ஆம் வசனம் பக்கமே போவதில்லை.

அப்படியானால் அட்டையை என்ன செய்வது? வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரத்தை முழுசாகப் படியுங்கள். யார், யாருக்கு, என்ன நடந்த பிறகு சொன்னது என்று பாருங்கள். பிறகு ஒரு கேள்வி: இதைச் சொன்னவர் எப்படிப்பட்டவர்? எரேமியா 29-இல், தண்டனைக்கு நடுவிலும் தம் ஜனங்களை மறக்காதவர், தேடினால் அகப்படுகிறவர், உண்மையான தேதியைச் சொல்கிறவர் என்று தெரிகிறது. 70 வருஷம் அவர்களுக்கு. அந்தக் குணம் நமக்கும். அதை எந்த வருஷத்து அட்டையிலும் தேடி எடுக்கலாம்.

தானியேல் 3-இல், ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று வாலிபர்கள் எரிகிற சூளை முன்னால் நிற்கிறார்கள். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், "விடுவிக்காமற்போனாலும்" சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். அவர்கள் தப்பினார்கள். எல்லோரும் தப்புவதில்லை. தேவகோட்டையிலிருந்து திருவாடானை தாண்டிப் போனால் ஓரியூர். அருளானந்தர் என்று நாம் அழைக்கிற போர்ச்சுகல் நாட்டு குரு ஜான் டி பிரிட்டோ 1686-இல் மறவர் சீமையில், அதாவது ராமநாதபுரம் பகுதியில், பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, விடுதலையானார். லிஸ்பனுக்குப் போனவர் அங்கேயே தங்கியிருக்கலாம், தங்கவில்லை. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். அதே மனிதர், அதே ஜெபம். ஒரு தடவை கதவு திறந்தது, இன்னொரு தடவை திறக்கவில்லை. 1686-இல் அவருக்கு விசுவாசம் அதிகம், 1693-இல் பத்தவில்லை என்று யாராவது சொல்வார்களா? பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, பாடு என்கிற பாத்திரம் தம்மைவிட்டு நீங்கட்டும் என்று வேண்டினார், அது நீங்கவில்லை, சிலுவையில் இறந்தார். கடவுளின் குணத்தைக் கிறிஸ்தவர்கள் முழுசாகப் பார்ப்பது அந்தச் சிலுவையில்தான். தம்முடைய சொந்தக் குமாரனையும் தப்பவிடாதவர் நமக்கு எதை மறுப்பார் என்று ரோமர் 8 கேட்கிறது.

இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று சைகை காட்டுகிறார்கள். குற்றமில்லாமலே பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. சுருக்கமாக: அவன் பெயரில் உள்ள புத்தகத்தின் 42 அதிகாரங்களில், கடைசிவரை யோபுவுக்குக் காரணம் சொல்லப்படவில்லை. உன் பேரில்தான் ஏதோ குறை என்று ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள்மேல் கடவுள் கோபப்பட்டார். எதிர்த்துக் கேட்ட யோபுதான் சரியாகப் பேசினான் என்றார். 42:7, படித்துப் பாருங்கள்.

செய்து பார்க்க ஒன்று. சங்கீதம் 13, ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார். அந்த இடத்தில் உங்கள் சொந்தக் கஷ்டத்தைப் பெயர் சொல்லி வையுங்கள். 3, 4 வேண்டுதல், வேண்டியதை மறைக்காமல் கேளுங்கள். ஐந்தாவது, "உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." நிலைமை மாறியதாக அங்கே எழுதவில்லை. அந்த வரி வாயில் வரவில்லை என்றால் நாலோடு நிறுத்திக்கொண்டு மறுநாள் திரும்ப ஆரம்பியுங்கள். அதுவும் முடியாதவர்களுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது, அது இருட்டிலேயே முடியும். அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். நேரம் முடிந்தது, வணக்கம்.