சிம் திக்குதுன்னா டிஃபெண்டரை ஏன் அடிக்கிறீங்க?

வணக்கம் மக்களே. நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஸ்கிரீன்ல ஓடுறது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், 2020 வெர்ஷன். கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற கேம், சுருக்கமா சிம். லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட், ஃப்ளைபைவயர் குழு செஞ்ச ஏர்பஸ் ஏ320 விமானம், மழை, சாயந்தர நேரம். ஃப்ரேம் ரேட்டை, அதாவது ஒரு செகண்டுக்கு எத்தனை படம் வரையுதுன்ற கணக்கை, கொல்றதுக்கு இதை விட மோசமான இடம் வேணும்னா நியூயார்க் ஜே.எஃப்.கே. தான் போகணும். வேணும்னே தான் இங்க வந்து நிக்கிறேன். ஆளில்லாத ஏர்ஸ்ட்ரிப்ல ஒரு செஸ்னாவை நிறுத்திட்டு "பாருங்க எவ்ளோ ஸ்மூத்"னு காட்டுற வீடியோ ஏற்கெனவே நெட்ல கொட்டிக் கிடக்கு.

சிம் திக்குதுன்னு யார்கிட்ட கேட்டாலும் முதல்ல என்ன சொல்றாங்க? ஆன்டிவைரஸை, அதாவது விண்டோஸோட டிஃபெண்டரை, ஆஃப் பண்ணு. ஃபயர்வாலைத் தூக்கு. கோர் ஐசொலேஷன்னு ஒரு விண்டோஸ் பாதுகாப்பு இருக்கு, அதை நிறுத்து. சிம்மை அட்மினா, முழு அதிகாரத்தோட ஓட்டு. நாலையும் பண்ணி முடிச்சா உங்க கம்ப்யூட்டர்ல யார் வேணா நுழையலாம், ஆனா ஹீத்ரோல ஃப்ரேம் பெருசா அசையாது. பிரச்சினை அங்க இல்லவே இல்ல.

எங்க இருக்குன்னு சிம்மே சொல்லும். ஜெனரல் ஆப்ஷன்ஸ் போய், டெவலப்பர்ஸ்ல டெவலப்பர் மோடை ஆன் பண்ணுங்க. மேல ஒரு மெனு பட்டை வரும், அதுல "டிஸ்ப்ளே எஃப்.பி.எஸ்." இருக்கும். தட்டினா ஓரத்துல இந்தப் பெட்டி வந்து உக்காரும். ஜூம் பண்றேன். ஃப்ரேம் எண்ணிக்கையைப் பாக்காதீங்க, அதுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க: "லிமிடெட் பை மெயின்த்ரெட்". இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பெட்டியையே திறந்தோம்.

இதுக்கு என்ன அர்த்தம்? விமானம் எப்படிப் பறக்குதுன்ற கணக்கு, காக்பிட் ஸ்கிரீன் வரையறது, சுத்தி நிக்கிற மத்த விமானங்கள், தரையில எந்தக் கட்டடத்தை எடுத்து வைக்கணும்ன்ற முடிவு, இப்படி ஏகப்பட்ட வேலை ஒரே ஒரு த்ரெட் மேல, அதாவது ஒரு நேரத்துல ஒரு கோர்ல மட்டும் ஓடுற வேலை வரிசை மேல, ஏறி உக்காருது. உங்க ப்ராசஸர்ல (சி.பி.யு.) பதினாறு கோர் இருக்கலாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்தா சி.பி.யு. மொத்தமே முப்பது சதவீதம்தான்னு காட்டும். "சி.பி.யு. சும்மாதானே இருக்கு, அப்ப கிராஃபிக்ஸ் கார்டுதான் வீக்"னு நினைச்சு ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கொட்டி புதுக் கார்டு வாங்கிடுவாங்க. வாங்கி மாட்டினப்புறமும் ஹீத்ரோல அதே ஃப்ரேம்தான். ஒரு கோர் முழி பிதுங்கி நிக்குது, மத்தது எல்லாம் வேடிக்கை பாக்குது. சராசரி எடுத்தா முப்பது.

அப்ப இதுக்கு என்ன பண்றது? டெரைன் லெவல் ஆஃப் டீடெய்ல்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, அதுதான் முதல் ஆள். இருநூறுல வச்சிருந்தீங்கன்னா நூறுக்கு இறக்குங்க. இறக்கிட்டேன், பாருங்க. தூரத்துல இருக்கிற கட்டடங்கள் கொஞ்சம் மொட்டையாத் தெரியும், அவ்வளவுதான். ரன்வேல இறங்கும்போது அதை எவன் பாக்கப் போறான்? அடுத்து கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட். இதை ஹைல வச்சா காக்பிட்ல இருக்கிற அத்தனை ஸ்கிரீனையும் அடிக்கடி புதுசா வரையணும். மீடியம் வைங்க. ஏர்பஸ் மாதிரி ஆறு ஸ்கிரீன் இருக்கிற விமானத்துல வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்புறம் ட்ராஃபிக். ஏர்போர்ட்டுல ஓடுற வண்டிங்க, தரையில நிக்கிற விமானங்க, கேட்ல நடமாடுற ஆளுங்க, இதெல்லாம் பாதிக்கு இறக்கினா போதும்.

அதே பெட்டில "லிமிடெட் பை ஜி.பி.யு."ன்னு வந்தா கதை வேற, கிராஃபிக்ஸ் கார்டுதான் திணறுது. அப்ப மேகத்தை அல்ட்ராவுல இருந்து ஹைக்கு கொண்டு வாங்க, என்விடியா ஆர்.டி.எக்ஸ். கார்டுன்னா டி.எல்.எஸ்.எஸ். போடுங்க, படத்தைச் சின்னதா வரைஞ்சு பெருசாக்கிக் காட்டுற வசதி அது. டி.எல்.எஸ்.எஸ்.ல காக்பிட் எழுத்து கொஞ்சம் மங்கும், வேகமா மாறுற எண்கள் இழுத்துக்கிட்டுப் போற மாதிரி தெரியும். எனக்கு அது பிடிக்காது, உங்களுக்கு ஓகேன்னா ஓகே. வீடியோ மெமரி 8 ஜி.பி. கார்டுன்னா டெக்ஸ்சர் ரெசல்யூஷனை ஒரு படி கீழ வைங்க. மெமரி நிரம்பி வழிய ஆரம்பிச்சா ஃப்ரேம் சும்மா குறையாது, மொத்தமா நின்னு நின்னு வரும்.

இன்னொண்ணு, அறுபது ஃப்ரேம் வேணும்னு ஏன் அடம் பிடிக்கிறீங்க? இது துப்பாக்கி விளையாட்டு இல்ல. முப்பது ஃப்ரேம்னா ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லிசெகண்ட். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல முப்பதுல லாக் பண்ணினா ஒவ்வொரு ஃப்ரேமும் சரியா ரெண்டு தடவை காட்டப்படும், சீரா இருக்கும். முப்பத்தேழுக்கும் நாப்பத்தெட்டுக்கும் நடுவுல ஆடிட்டு இருந்தா எண் பெருசா இருக்கும், கண்ணு வலிக்கும். ஃப்ரேம் வர்ற வேகத்துக்குத் தகுந்த மாதிரி தன்னை மாத்திக்கிற ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் மானிட்டர் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தக் கவலை கம்மி.

செலவே இல்லாத ஒரு சமாச்சாரம், ரேம் வேகம். 6000னு பெட்டில போட்டிருக்கிற டி.டி.ஆர்.5 ரேமை வாங்கி மாட்டுறீங்க. பயாஸ்ல, அதாவது மதர்போர்டோட செட்டிங்ஸ்ல, எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போன்னு இருக்கிற ரேம் வேக செட்டிங்கை ஆன் பண்ணலைன்னா அது 4800லயே ஓடிட்டு இருக்கும். டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல "ஸ்பீட்"னு இருக்கும், இப்பவே பாருங்க. மெயின்த்ரெட் பிரச்சினைக்கு இதெல்லாம் உதவும். மெமரிக்காகக் காத்திருக்கிற நேரம் எவ்வளவு குறையுதோ, இந்த சிம்முக்கு அவ்வளவு நல்லது. ஏ.எம்.டி.யோட எக்ஸ்3டி ப்ராசஸர்கள் இந்த சிம்ல அவ்வளவு நல்லா ஓடுறதுக்கும் அதான் காரணம். 2022ல வந்த 5800எக்ஸ்3டி.ல எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி, மட்டும் 96 எம்.பி. புதுசா வாங்கப் போறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க.

அப்புறம் தூசி. கேபினெட்டைத் திறந்து ஊதிட்டு வாங்க. ஏசி இல்லாத ரூம்ல மே மாச மத்தியானம் சி.பி.யு. சூடாகி தன்னைத் தானே மெதுவாக்கிக்கும். அதுக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமே இல்ல.

சரி, இப்ப பாதுகாப்புக்கு வருவோம். மேல சொன்னதுல ஒண்ணாவது ஆன்டிவைரஸைத் தொட்டுச்சா? இல்லல்ல?

உண்மையிலேயே வேகத்தைப் பாதிக்கிற பாதுகாப்பு வசதி ஒண்ணு இருக்கு, அதை மறைக்க மாட்டேன். மெமரி இன்டெக்ரிட்டி. கோர் ஐசொலேஷனுக்குள்ள இருக்கும். விண்டோஸோட மையமான கெர்னலுக்குள்ள போற டிரைவர் கோடை தனியா ஒரு இடத்துல வச்சு சரிபார்த்துட்டுத்தான் ஓட விடும். கேம் ஆடுறவங்க வேகம் வேணும்னா இதை ஆஃப் பண்ணிக்கலாம், ஆடி முடிச்சதும் திரும்ப ஆன் பண்ணுங்கன்னு மைக்ரோசாஃப்ட்டே 2022ல ஒரு குறிப்பு போட்டாங்க. ஆனா யாருக்கு அடி விழும்ன்றதைப் பாருங்க. இன்டெல் ஏழாம் தலைமுறைல இருந்து, ஏ.எம்.டி.ல ஜென் 2ல இருந்து, இந்த வேலைக்குன்னே ப்ராசஸர்ல வசதி வச்சிருக்காங்க. அதுக்கு முந்தினதுல அதையே சாஃப்ட்வேர்ல பாவனை பண்ணி ஓட்டணும், அங்கதான் அடி பலமா இருக்கும். அதாவது ரைசன் 2000 சீரிஸ் டெஸ்க்டாப் வச்சிருக்கிறவர் ஆஃப் பண்ணி ஒரு தடவை அளந்து பாக்கலாம். புது ப்ராசஸர் வச்சிருக்கிற நீங்க அதுக்கு முன்னாடி டெரைன் ஸ்லைடரைத் தொடுங்க. ஆஃப் பண்ணினவங்க எத்தனை பேர் ஞாபகமா ஆன் பண்றாங்க? யாரும் பண்றதில்ல. அதுதான் என் கவலை.

டிஃபெண்டர்ல எக்ஸ்க்ளூஷன், அதாவது இந்த ஃபோல்டரைச் சோதிக்காதேன்னு விலக்கு, போடலாமா? சிம் லோட் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல் திறக்கும், ஒவ்வொண்ணையும் டிஃபெண்டர் எட்டிப் பாக்கும். அதனால லோடிங் நீளலாம். பறக்கும்போது பெரும்பாலும் இதனால பாதிப்பு இல்ல. அப்பவும் வேணும்னா, சிம்மே டவுன்லோட் பண்ற அஃபிஷியல் ஃபோல்டருக்கு மட்டும் எக்ஸ்க்ளூஷன் போடுங்க. கம்யூனிட்டி ஃபோல்டரைத் தொடவே தொடாதீங்க. முன்ன பின்ன தெரியாத ஆட்கள் செஞ்ச லிவரி (விமானத்தோட பெயிண்ட்), சீனரி, டூல் எல்லாம் வந்து விழுற இடம் அது. டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு எக்ஸ்க்ளூஷன் போட்டவங்க யாராவது இதைப் பாத்துட்டு இருந்தா, வீடியோவை நிறுத்திட்டு முதல்ல போய் எடுத்துட்டு வாங்க. நான் இங்கயே இருப்பேன்.

சிம்முக்குத் தனியா வாங்கிச் சேர்க்கிற அட்ஆனோட கையேட்டுலயே "இன்ஸ்டால் பண்ணும்போது ஆன்டிவைரஸை நிறுத்தவும்"னு போட்டிருப்பாங்க. நாமளும் காசு குடுத்து வாங்கினது தானேன்னு நிறுத்திடுவோம். 2018 பிப்ரவரி சம்பவம் பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஃப்ளைட்சிம்லேப்ஸ்னு ஒரு கம்பெனி, ப்ரெபேர்3டி சிம்முக்கு ஏ320 செஞ்சு வித்தாங்க. அதோட இன்ஸ்டாலருக்குள்ள "டெஸ்ட்"னு ஒரு இ.எக்ஸ்.இ. ஃபைல் இருக்கிறதை பயனர்களே கண்டுபிடிச்சாங்க. பிரிச்சுப் பாத்தா, க்ரோம்ல சேவ் பண்ணின பாஸ்வேர்டை எல்லாம் உருவி எடுக்கிற டூல். திருட்டு சீரியல் நம்பர் போடுறவனைப் பிடிக்கத்தான் வச்சோம், முறையா வாங்கினவங்க கம்ப்யூட்டர்ல அது ஓடாதுன்னு கம்பெனி விளக்கம் சொன்னுச்சு. அப்புறம் மன்னிப்பு கேட்டு, அதை எடுத்துட்டு வேற இன்ஸ்டாலர் விட்டாங்க. ஓடுச்சோ ஓடலையோ, காசு குடுத்தவங்க டவுன்லோட் பண்ணின இன்ஸ்டாலர்லயும் அது இருந்துச்சு. பேர் வாங்கின கம்பெனியே அப்படிப் பண்ணும்போது, நூறு டாலர் விமானத்தை எங்கயோ ஒரு டெலிகிராம் குரூப்ல ஓசியில குடுக்கிறவன் உள்ள என்ன வச்சிருப்பான்னு நீங்களே யோசிங்க. இத்தனைக்கும் நான் இப்ப ஓட்டிட்டு இருக்கிற ஃப்ளைபைவயர் முழுக்க இலவசம், சோர்ஸ் கோடு கிட்ஹப்ல எல்லாருக்கும் திறந்து கிடக்கு.

இன்னொரு ஃபைலைக் காட்டணும், இதைப் பத்தி யாரும் பேசறதில்ல. நோட்பேட்ல திறந்திருக்கேன், பேரு "இ.எக்ஸ்.இ. டாட் எக்ஸ்.எம்.எல்." ஸ்டீம்ல வாங்கினவங்களுக்கு ஆப்டேட்டால ரோமிங்குக்குள்ள மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் ஃபோல்டர்ல இருக்கும், ஸ்டோர்ல வாங்கினவங்களுக்கு லோக்கல் பேக்கேஜஸுக்குள்ள லோக்கல்கேஷ்ல. சிம் திறக்கும்போது கூடவே எந்தெந்த ப்ரோக்ராமை ஓட்டணும்ன்ற பட்டியல் இது. பாருங்க, ஒவ்வொரு அட்ஆனும் வந்து தன் பேரை இங்க எழுதிட்டுப் போயிருக்கு. முதல் என்ட்ரி எனக்குத் தெரியும். ரெண்டாவது, எப்பவோ அழிச்சுட்ட ஒரு கேமரா டூலோடது. இப்ப யோசிங்க: நீங்க சிம்மை "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்"னு ஓட்டினா, இந்தப் பட்டியல்ல இருக்கிறதும் அதே அதிகாரத்தோட எழும்பும். அதனால்தான் அட்மினா ஓட்டாதீங்கன்னு கத்துறேன். அப்படி ஓட்டினா ஒரு ஃப்ரேம் கூட ஏறப் போறதும் இல்ல. தெரியாத என்ட்ரி இருந்தா ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு அழிச்சிடுங்க. வேகத்துக்கும் நல்லது, தேவையில்லாத ப்ரோக்ராம் பின்னாடி ஓடாது.

ஃபயர்வால். டேப்லெட்டை எம்.சி.டி.யு.வா, அதாவது காக்பிட்ல ரூட்டைத் தட்டிப் போடுற கீபோர்டா, வச்சு ஓட்டுறவங்களுக்கு இது முக்கியம். டேப்லெட்டை சிம்மோட இணைக்கிற ஃப்ளைபைவயரோட சிம்பிரிட்ஜ் ப்ரோக்ராம் 8380 போர்ட்ல உக்காந்துக்கும். முதல் தடவை ஓட்டும்போது விண்டோஸ் இந்த மாதிரி கேக்கும்: ப்ரைவேட் நெட்வொர்க், பப்ளிக் நெட்வொர்க், ரெண்டு டிக் பாக்ஸ். அவசரத்துல ரெண்டையும் தட்டிட்டு "அலவ்" குடுக்கிறதுதான் வழக்கம். ப்ரைவேட்டை மட்டும் தட்டுங்க. அதுக்கு உங்க வீட்டு வைஃபை விண்டோஸ்ல ப்ரைவேட்டுன்னு பதிவாகி இருக்கணும். நிறைய கம்ப்யூட்டர்ல வீட்டு வைஃபையே பப்ளிக்னு இருக்கும், அதனால டேப்லெட் கனெக்ட் ஆகாது, உடனே ஃபயர்வாலையே ஆஃப் பண்ணிடுவாங்க. நெட்வொர்க் ப்ரொஃபைலை மாத்தினா போதும், ஒரே ஒரு க்ளிக். ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் வேண்டவே வேண்டாம், டேப்லெட் உங்க வீட்டுக்குள்ளதானே இருக்கு.

எஃப்.பி.எஸ். பூஸ்டர், ரேம் க்ளீனர், டிரைவர் அப்டேட்டர். இதுக்கு ஒரே வார்த்தை: போடாதீங்க. டிரைவர் வேணும்னா என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் சைட்ல நேரா எடுங்க.

கடைசியா விண்டோஸ் 10 ஆளுங்களுக்கு. 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. சிம் அதுல ஓடும், ஓடுதுன்றதுக்காக அப்படியே விட்டுடாதீங்க. வீட்டுப் பயனர்களுக்கு எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்டுன்னு ஒண்ணு 2026 அக்டோபர் 13 வரைக்கும் வச்சிருக்காங்க. செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துலயே சேர்றதுக்கு லிங்க் இருக்கும், இன்னும் சேரலைன்னா இன்னைக்கே சேந்துடுங்க. எக்ஸ்-ப்ளேன் 12ன்ற வேற சிம்மை ஓட்டுறவங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கு, அது லினக்ஸ்லயும் நேரடியா ஓடும். அதை எப்படிப் போடறதுன்னு தனி வீடியோதான் போடணும், இதுல அடங்காது. வரட்டா.