தண்ணீர் இறங்கினால் விருந்து: கே.ஆர்.பி. அணையில் உள்ளான் பார்த்த காலை

வணக்கம் மக்களே. மணி 6.45. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குப் பின்பக்கம், தண்ணீர் வற்றிய சேற்றோரம் நிற்கிறேன். காற்றில் மாம்பூ வாசனை. கேமரா ஆடினால் திட்டாதீர்கள், இடது கால் செருப்பு இப்போதுதான் சேற்றுக்குள் போனது.

சரி, அதோ பாருங்கள், பொறி உள்ளான். உள்ளான் என்றால் சேற்றோரத்தில் இரை தேடும் சின்னப் பறவை. முதுகில் பொரி தூவியது மாதிரி வெள்ளைப் புள்ளிகள், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம். பக்கத்தில் ஓயாமல் வாலாட்டிக்கொண்டு நடப்பது சாதா உள்ளான். இரண்டையும் நான் இரண்டு வருடம் குழப்பிக்கொண்டிருந்தேன். சாதா உள்ளானுக்கு முதுகில் பொரி கிடையாது. வயிற்று வெள்ளை தோள்பட்டைப் பக்கம் மேலே ஏறியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஐரோப்பியர்களின் வீடியோக்களில் மார்ச், ஏப்ரல் வந்தால் 'பறவைகள் வந்துவிட்டன' என்று குதிப்பார்கள். நமக்கு நேர்மாறு. ஆகஸ்ட், செப்டம்பரிலேயே இங்கே வந்துவிடும். மாசி, பங்குனியில் ஊருக்குக் கிளம்பும். ஊர் என்றால் ஸ்காண்டிநேவியாவில் இருந்து சைபீரியா வரைக்கும் உள்ள சதுப்பு நிலங்கள். இந்தப் பொறி உள்ளானின் எடை சுமார் 60 கிராம், ஒரு கோழிமுட்டை அளவு! அவ்வளவு தூரம் பறக்க உடம்பில் கொழுப்பு சேர வேண்டும். அதனால்தான் தலை நிமிராமல் தின்கிறது.

பரிசல்கார அண்ணன் ஒருவர் சொன்னார்: "தண்ணி எறங்குனா இதுங்களுக்குக் கல்யாணச் சோறு சார்." உண்மைதான். பாசனத்துக்குத் திறந்துவிட விட சேறு வெளியே தெரியும், புழு பூச்சி எல்லாம் அதில்தான். அணை நிரம்பிக் கிடந்தபோது ஆசையாக வந்து, ஓர் உள்ளான்கூடப் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன்.

கேட்கிறதா, ஆள்காட்டிக் குருவி! என்னைத்தான் காட்டிக்கொடுக்கிறது. அது எங்கேயும் போகாது, உள்ளூர்க்காரன். கொஞ்ச நாளில் வெறும் தரையில் முட்டையிடும், பார்த்தால் கூழாங்கல் மாதிரியே இருக்கும். தயவுசெய்து இந்தக் கரையில் பைக் ஓட்டாதீர்கள்.

அடடா, செம்பருந்து வந்ததும் எல்லாம் எழும்பிவிட்டன. இருங்கள், எண்ணுகிறேன்... பொறி உள்ளான் 17. பறவைக் கணக்கைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் ஏற்றிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு பாரூர் ஏரி. சித்திரை பிறந்த பிறகும் உங்கள் ஊர் ஏரியில் உள்ளான் நின்றால், தேதி போட்டு எனக்குச் சொல்லுங்கள்.