இணையத் தொலைபேசி நிறுவனங்களும் கையகப்படுத்தல் வதந்திகளும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். பங்குத் தரகுத் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில், சிறு முதலீட்டாளர்களின் சேமிப்பைப் பலமுறை கரைத்திருக்கும் ஒரு நம்பிக்கையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். இணையத்தின் வழியே தொலைபேசிச் சேவை வழங்கும் ஒரு சிறு நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று விரைவில் வாங்கப்போகிறது, அதற்குள் பங்கை வாங்கி வைத்துக்கொண்டால் ஒரே நாளில் பணம் இரட்டிப்பாகிவிடும் என்பதுதான் அந்த நம்பிக்கை.

இதற்கு வலுவூட்டியது 2005ஆம் ஆண்டு. அந்த ஆண்டு செப்டம்பரில், தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த ஸ்கைப் நிறுவனத்தை ஏறத்தாழ 2.6 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக இணைய வணிக நிறுவனமான இபே அறிவித்தது. அப்போது ஸ்கைப்பில் பதிவு செய்திருந்தவர்கள் 54 மில்லியன் பேர். விலையை இந்த எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 48 டாலர் வருகிறது. அதன்பின் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த ஒவ்வொரு சிறு இணையத் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணிக்கையையும் பலர் இதே தொகையால் பெருக்கிப் பார்த்து, "சந்தை விலையைவிட இது எத்தனையோ மடங்கு பெறும், யாராவது வாங்காமல் இருப்பார்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தக் கணக்கு ஏன் நம்மை எளிதில் கவர்கிறது என்பது எனக்குப் புரிகிறது. பக்கத்து புளோக்கில் நான்கறை வீடு ஒன்று என்ன விலைக்குக் கைமாறியது என்று பார்த்துத்தான் சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் மறுவிற்பனை விலையை நாம் கணிக்கிறோம். அங்கே அது பொருந்துகிறது, ஏனென்றால் அந்த வீடும் நம் வீடும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டு தொலைபேசி நிறுவனங்கள் அப்படி ஒன்றுபோல் இருப்பதில்லை. ஸ்கைப் தன் 54 மில்லியன் பயனாளர்களிடமிருந்து 2005ஆம் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்த வருவாய் சுமார் 60 மில்லியன் டாலர், அதாவது தலைக்கு ஒரு டாலருக்குச் சற்று மேல். இபே கொடுத்த விலை எதிர்காலத்தைப் பற்றிய ஒரு கணிப்புக்கான விலை, இன்றைய வாடிக்கையாளருக்கான விலை அன்று. அந்தக் கணிப்பும் தவறியது. 2007 அக்டோபரில் ஸ்கைப் தொடர்பாக இபே தன் கணக்கில் சுமார் 1.4 பில்லியன் டாலரைச் செலவாக எழுத வேண்டியதாயிற்று. எல்லோரும் அளவுகோலாக எடுத்துக்கொண்ட அந்த விலையை, கொடுத்தவர்களே இரண்டு ஆண்டுகளில் அதிகம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே காலகட்டத்தில் வேறு சில சிறு இணையத் தொலைபேசி நிறுவனங்களும் விற்கப்பட்டன. யாஹூ டயல்பேடை வாங்கியது. மைக்ரோசாஃப்ட் டெலியோவை வாங்கியது. 2007இல் கூகல் கிராண்ட்சென்ட்ரலை வாங்கியது. "பெரியவர்கள் வரிசையாக வாங்குகிறார்கள், அடுத்தது நம் நிறுவனம்தான்" என்று பேசப்பட்டது. ஆனால் ஸ்கைப் உட்பட, வாங்கப்பட்ட இவற்றில் எதுவும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனமன்று. பெரிய நிறுவனங்கள் விரும்பியது மென்பொருளையும் அதை எழுதிய பொறியாளர்களையும். அவற்றை அவர்கள் தனியார் கைகளிலிருந்தே பெற்றுக்கொண்டார்கள். சந்தையில் பங்கு வாங்கிக் காத்திருந்த பொதுமக்கள் யாருக்கும் இந்த விற்பனைகளால் ஒரு காசும் வரவில்லை.

பட்டியலிடப்பட்ட நிறுவனத்தை யாரும் வாங்கவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வாங்கியிருக்கிறார்கள். நெட்2ஃபோன் என்ற அமெரிக்க இணையத் தொலைபேசி நிறுவனம் 1999இல் 15 டாலர் விலையில் பங்குகளை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி அதே பங்குக்கு 75 டாலர் கொடுத்தது. கடைசியில் 2006இல் அதன் தாய் நிறுவனமான ஐடிடி எஞ்சிய பங்குகளை வாங்கிச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டபோது, ஒரு பங்குக்குக் கிடைத்தது சுமார் 2 டாலர். கையகப்படுத்தல் நடக்கும் என்று சொன்னவர்களின் வாக்கு பலித்தது, அவர்கள் பேச்சைக் கேட்டு உயர்ந்த விலைக்கு வாங்கியவர்களின் பணம் மட்டும் திரும்பவில்லை.

ஆகவே "எப்போது வாங்குவார்கள்?" என்று கேட்பதற்கு முன், வாங்குபவருடைய இடத்தில் நின்று, "பொறுத்திருந்தால் இலவசமாகக் கிடைக்காத எதை இந்த நிறுவனத்திடமிருந்து நான் வாங்கப்போகிறேன்?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சிறு நிறுவனத்திடம் என்ன இருக்கிறது? சிங்கப்பூரிலிருந்து தஞ்சாவூருக்கு ஓர் அழைப்பு செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடல் கடந்து செல்லும் பகுதி இணையத்தில் மிக மலிவாகச் சென்றுவிடும். ஆனால் அங்குள்ள தொலைபேசியை ஒலிக்கச் செய்ய, இந்தியத் தொலைபேசி நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தியாக வேண்டும். சிறு நிறுவனம் அந்த நிமிடங்களை மொத்த வியாபாரிகளிடம் வாங்கி, சிறிதளவு ஏற்றி நமக்கு விற்கிறது. வழித்தடமும் அதனுடையதன்று, மறுமுனையும் அதனுடையதன்று. எஞ்சுவது வாடிக்கையாளர்கள்தாம். அவர்களுடைய விசுவாசம் எத்தகையது என்பதை லிட்டில் இந்தியாவை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்நாள்களில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அங்கே கேம்பல் லேன் கடை வாசல்களில் வெளிநாட்டு அழைப்புக்கான தொலைபேசி அட்டைகள் வரிசையாகத் தொங்கும். அட்டையைக் கையில் வாங்கும் வெளிநாட்டு ஊழியர் எந்த நிறுவனம் என்று பார்க்கமாட்டார். இந்தியாவுக்கு எத்தனை நிமிடம் என்று மட்டுமே கேட்பார். அடுத்த வாரம் வேறொரு அட்டை நான்கு நிமிடம் கூடுதலாகத் தந்தால் அதற்கு மாறிவிடுவார். உழைத்துச் சேர்த்த காசில் வீட்டாரோடு பேசும் அவர் அப்படிச் செய்வதுதான் நியாயம். ஆனால் அத்தகைய வாடிக்கையாளரைத் தலைக்கு 48 டாலர் கொடுத்து வாங்க யாரும் முன்வரமாட்டார்கள்.

அமெரிக்காவின் சன்ராக்கெட் என்ற இணையத் தொலைபேசி நிறுவனம் இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. 2007 ஜூலையில் அந்நிறுவனம் மூடப்பட்டபோது இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் நடுவழியில் விடப்பட்டார்கள். போட்டி நிறுவனங்கள் அவர்களை அழைத்துச் சலுகைகள் தந்து தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டன. வாடிக்கையாளர்களைப் பெற நிறுவனத்தை வாங்க வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை.

வாங்குபவரின் தலையில் வழக்குகளும் சேர்ந்து விழக்கூடும். 2006 மே மாதத்தில் 17 டாலருக்குப் பங்கு வெளியிட்ட வானேஜ் என்ற அமெரிக்க இணையத் தொலைபேசி நிறுவனம், மறு ஆண்டில் காப்புரிமை வழக்குகளில் சிக்கி, ஸ்பிரிண்ட் என்ற தொலைபேசி நிறுவனத்துக்கு மட்டும் 80 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. 2008இல் அதன் பங்கு ஒரு டாலருக்கும் கீழே போனது. அந்த ஆண்டுகளிலெல்லாம் அதை யாரோ வாங்கப்போவதாகப் பேச்சு ஓயவில்லை. உண்மையில் சுவீடனின் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான எரிக்சன் அதை வாங்கியது 2022இல், பங்குக்கு 21 டாலர் விலையில். அதற்குள் வானேஜின் கவனம் வீட்டுத் தொலைபேசித் தொழிலைவிட, நிறுவனங்களின் செயலிகளில் அழைப்பையும் குறுஞ்செய்தியையும் இணைக்கும் மென்பொருள் தளத்துக்கு மாறியிருந்தது. எரிக்சன் விரும்பியது அதைத்தான். அந்த விலையும் நிலைக்கவில்லை. 2023இல் அந்த முதலீட்டின் மதிப்பிலிருந்து சுமார் 32 பில்லியன் சுவீடன் குரோனரை எரிக்சன் குறைத்து எழுதியது.

நம் ஊரிலும் இத்தகைய வரலாறு உண்டு. இணையத் தொலைபேசித் துறையில் சிங்கப்பூரின் முன்னோடியான மீடியாரிங் 1999இலேயே நம் பங்குச் சந்தைக்கு வந்தது. 2006இல் அந்நிறுவனமே அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த பசிபிக் இன்டர்நெட் என்ற இணையச் சேவை நிறுவனத்தை வாங்க முன்வந்தது. போதிய பங்குகள் சேராததால் அந்தக் கோரிக்கை காலாவதியானது. மறு ஆண்டில் பசிபிக் இன்டர்நெட்டை வேறொரு தரப்பு வாங்கிக்கொண்டது. மீடியாரிங் பின்னர் இந்தியாவின் ஸ்பைஸ் குழுமத்தின் கைக்குச் சென்று பெயர்களும் மாறின. முறைப்படி அறிவிக்கப்பட்ட ஒரு கோரிக்கையே முறிந்துபோகக்கூடும் என்றால், அறிவிக்கப்படாத ஒன்றை நம்பிப் பணம் போடுவதன் ஆபத்தை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வதந்தியால் விலை ஏறும்போது சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை அந்நிறுவனத்துக்கு ஒரு வினா அனுப்புவதுண்டு. வழக்கத்துக்கு மாறான இந்த ஏற்றத்தை விளக்கக்கூடிய, இதுவரை அறிவிக்கப்படாத தகவல் ஏதேனும் உண்டா என்று அதில் கேட்கப்படும். தனக்கு அப்படி எதுவும் தெரியாது என்பதே பெரும்பாலும் நிறுவனம் தரும் பதில். இந்தப் பதிலைப் படித்துவிட்டு, "பேச்சுவார்த்தை நடக்கிறது, அதனால்தான் மறைக்கிறார்கள்" என்று சொல்லிக் கூடுதலாகப் பங்கு வாங்கிய பலரை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். பொய்யான பதில் சட்டப்படி தண்டனைக்குரியது. ஆகவே அந்தப் பதிலை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்வது நல்லது. மறுப்பையும் ஆதாரமாக ஏற்கும் மனநிலைக்கு ஒருவர் வந்துவிட்டால், அவருக்கு வேறு எந்தச் சான்றும் பயன்படாது.

உண்மையான கோரிக்கை வந்தால் அது மறைந்திருக்காது. ஒருவரோ அவரோடு சேர்ந்து செயல்படுபவர்களோ 30 விழுக்காட்டு வாக்குரிமையை எட்டினால், மற்ற எல்லாப் பங்குதாரர்களின் பங்குகளையும் வாங்கிக்கொள்ள விலை கூற வேண்டும் என்று நம் கையகப்படுத்தல் விதித்தொகுப்பு கட்டாயப்படுத்துகிறது. அந்த விலை, அதற்கு முந்திய ஆறு மாதங்களில் அவர்கள் கொடுத்த மிக உயர்ந்த விலைக்குக் குறையக் கூடாது. கோரிக்கை ஆவணம் அனுப்பப்பட்ட பிறகு குறைந்தது 28 நாள் அவகாசம் உண்டு. விலை நியாயமானதா என்று சுயேச்சையான நிதி ஆலோசகர் எழுதும் கடிதமும் உங்களுக்கு வரும். அந்த ஆலோசகர் தம் முடிவுக்கான காரணங்களைச் சொல்லும் பக்கங்களை முழுமையாகப் படியுங்கள். கோரிக்கை விடுத்தவர் இறுதியில் எவ்வளவு பங்கு சேர்த்தார் என்பதையும் கவனியுங்கள், ஏனென்றால் பொதுமக்கள் கையில் எஞ்சியிருப்பது 10 விழுக்காட்டுக்கும் கீழே போனால் அந்தப் பங்கின் வர்த்தகம் நிறுத்தப்படக்கூடும். அப்போது விற்க விரும்பினாலும் சந்தையில் விற்க வழியிருக்காது. எஞ்சிய பங்குகளைக் கட்டாயமாக வாங்கும் உரிமை கோரிக்கை விடுத்தவருக்கு வந்துவிட்ட நிலையில், உங்கள் பங்கையும் அதே விலைக்கு வாங்கிக்கொள்ளுமாறு கோரும் உரிமை நிறுவனச் சட்டப்படி உங்களுக்கும் உண்டு. அதற்கான அறிவிப்பு தபாலில் வரும். அதில் குறிக்கப்பட்டுள்ள கெடு முடிவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.